ஊசிக்கு முன்னால் கேட்க வேண்டியது

பிள்ளை இல்லையென்றால் தெரு பெண்ணின் வயிற்றைத்தான் பார்க்கிறது. புருஷன் விந்துப் பரிசோதனைக்குப் போகுமுன்பே அவளுக்கு ஊசி ஆரம்பமாகிவிடுகிறது.

ஊசியை நாம் எதிர்க்கவில்லை. எஃப்.எஸ்.எச். ஊசி முட்டைகளை வளர்க்கிறது; பிறகு போடும் எச்.சி.ஜி. அவற்றை முதிரவைத்து வெளியேற்றுகிறது. பிள்ளை வேணுமென்பவளுக்கு அது உரிமை. ஆனால் மாதம் ஒரு முட்டை விடுகிற சூலகத்தை அளவுமீறித் தூண்டினால் அது வீங்கும். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் தேங்கும். ரத்தம் கெட்டியாகிக் குழாயில் உறையலாம். அபூர்வமாக உயிரும் போகும். சூலகத்தில் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம்.

தடுக்க வழியிருக்கிறது. குறைந்த அளவில் தொடங்கணும். ஸ்கேனில் முட்டைப்பைகளை எண்ணணும். மிகுந்துவிட்டால் எச்.சி.ஜி. போடாமல் அந்த மாசத்தையே விட்டுவிடணும். வயிறு உப்பி, மூச்சு வாங்கி, மூத்திரம் குறைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

ஆனால் ஒவ்வொரு ஸ்கேனும் காசு. ஒவ்வொரு நாளும் போன கூலி. கடன் வாங்கி வந்தவளிடம் ‘இந்த மாசம் வேண்டாம்’ என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? கருத்தடைக்கு நம் தெருவைத் தேடிவந்த அரசு, பிள்ளைக்கென்றால் பெரும்பாலும் தனியார் வாசலைத்தான் காட்டுகிறது.

செயற்கைக் கருவூட்டலுக்கான 2021ஆம் வருஷத்துச் சட்டம் பக்கவிளைவு, ஆபத்து, செலவு எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லணும் என்கிறது. அது கையெழுத்துத் தாளோடு முடியக்கூடாது. அவள் பேசுகிற தமிழில் அவளுக்கே சொல்லணும். தோழர்களே, ‘எத்தனை முட்டை வளர்ந்திருக்கு டாக்டர்?’ என்று கேட்க நம் பெண்களோடு போய் நில்லுங்கள்.