ஒரே அட்ரஸ்... ரெண்டு மதிப்பு!

போன செமஸ்டர்ல 'ஆபரேட்டிங் சிஸ்டம்' பேப்பர்ல அரியர் வெச்சேன். வீட்டுக்கு இன்னும் சொல்லலை. காரணம் சிம்பிள்... புக்கை மனப்பாடம் பண்ணினேன், மெஷினைத் தொடவே இல்லை. 'வர்ச்சுவல் மெமரி'க்கு டெஃபனிஷன் கடகடன்னு சொல்வேன். வைவாவுல சார், "அப்படின்னா?"னு ஒரே வார்த்தைதான் கேட்டார். ஆள் அவுட்!

போன சனிக்கிழமை ஒரு வைராக்கியத்துல உட்கார்ந்தேன். லினக்ஸ்ல குட்டியா ஒரு 'சி' புரோகிராம். ஒரு வேரியபிள், மதிப்பு 5. 'ஃபோர்க்' போட்டதும் புரோகிராம் அப்பா, பிள்ளைன்னு ரெண்டாகிடும். பிள்ளை மட்டும் 5-ஐ 7-ஆக்கணும். அப்புறம் ரெண்டு பேரும் அந்த வேரியபிளோட அட்ரஸையும் மதிப்பையும் பிரின்ட் பண்ணணும். அவ்வளவுதான்.

ஸ்கிரீனைப் பார்த்தா தலை சுத்திருச்சு பாஸ்! அட்ரஸ்ல ஒரு எழுத்துகூட மாறலை. ஆனா, அப்பாகிட்ட 5, பிள்ளைகிட்ட 7. ஒரே இடத்துல எப்படி ரெண்டு நம்பர்?

எங்க ஹாஸ்டல்ல ஏ பிளாக்லயும் 12-ம் நம்பர் ரூம் உண்டு, பி பிளாக்லயும் உண்டு. நம்பர் ஒண்ணு, கட்டில் வேற. புரோகிராமுக்குத் தெரியற அட்ரஸும் அப்படித்தான். நிஜ ரேம்ல எந்த இடம்ங்கிறது, ஆபரேட்டிங் சிஸ்டம் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனியா வெச்சிருக்கிற 'பேஜ் டேபிள்'லதான் இருக்கும். டேபிள்ல இல்லாத அட்ரஸைத் தொட்டா, கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிடும். நம்மளை அழவைக்கிற 'செக்மென்டேஷன் ஃபால்ட்' பெரும்பாலும் அதுதான்!

இதுல ஒரு கஞ்சத்தனமும் உண்டு. ஃபோர்க் போட்டதுமே மொத்த மெமரியையும் காப்பி எடுக்காது. ரெண்டு பேரும் ஒரே நோட்டைத்தான் படிப்பாங்க. யாராவது கிறுக்கப் போனா, அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கும். ஒரு பக்கம்கிறது, நம்ம பிசி-யில வழக்கமா 4,096 பைட். பிள்ளை 7-ன்னு எழுதின அந்த நொடியில நடந்தது இதுதான்.

இந்த வர்ச்சுவல் மெமரி நேத்து வந்த சமாசாரம் இல்லை. இங்கிலாந்தோட மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துல 1962-ல் ஓட ஆரம்பிச்ச 'அட்லஸ்' கம்ப்யூட்டர்லயே இருந்தது. அறுபது வருஷப் பழசு, எனக்குப் புரிய பத்து வரி புரோகிராம் தேவைப்பட்டிருக்கு!

அடுத்த வைவாவுல சார் தாராளமா "அப்படின்னா?"னு கேட்கட்டும். ஓட்டியே காட்டிடுவேன்.

அதுக்கு முன்னாடி, நிஜ அப்பாவுக்கு ஒரு போன் போடணும்!