உண்டியல் போகும் தூரம்

வெளிநாட்டில் போரோ பூகம்பமோ வந்தால் கரையான்சாவடி, பூந்தமல்லி வட்டாரத்து வழிபாட்டுத் தலங்களிலும் உண்டியல் நிறையும். நல்ல வழக்கம். ஆனால் கடல் தாண்டி வந்த துயரம் இதே திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் பல்லாண்டுகளாகக் குடியிருக்கிறது.

வியட்நாம் படகு அகதிகளின் அவலம் கண்டு இயேசு சபைத் தலைவர் பெத்ரோ அருப்பே 1980இல் தொடங்கியது இயேசு சபை அகதிகள் பணி. தமிழக முகாம்களுக்கும் வந்த அந்த அமைப்பு அரிசி, போர்வையோடு நிற்கவில்லை. மாலை வகுப்புகள் நடத்தியது. முகாம்வாசிகளில் பெரும்பாலோர் இந்துக்கள் என்பது அதற்குத் தடையாகவில்லை. நிவாரணத்தைச் சமயப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாதென்று செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்த நடத்தை நெறியும் சொல்கிறது. மீறுவோர் இல்லாமல் இல்லை. அவர்களைக் கண்டிக்கலாம், அதற்காக எல்லோரையும் சந்தேகிப்பது அநியாயம்.

இத்தகைய தொண்டுக்கு வரும் பணத்துக்கும் முட்டுக்கட்டை விழுந்தது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தம், ஓர் அமைப்பு பெற்ற பணத்தை இன்னொன்றுக்குக் கைமாற்றத் தடை விதித்தது. நிர்வாகச் செலவு வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. பெரிய அமைப்பை நம்பியிருந்த சிறு குழுக்களுக்கே அடி. கணக்குக் கேட்பது சரி. வழியையே அடைப்பது சரியல்ல.

முகாம்களுக்குத் தமிழக அரசு 2021இல் ரூ.317 கோடித் திட்டம் அறிவித்தது. வீடு கிடைக்கும், குடியுரிமை? 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கைத் தமிழரைச் சேர்க்கவே இல்லை. தொண்டு நிறுவனம் பாடம் சொல்லித் தரலாம், குடியுரிமை தர முடியாது. அதை ஒன்றிய அரசுதான் தர வேண்டும்.