கலர் போச்சு, உப்பு போகல: நிறுவன மாற்றம் பற்றி திருப்பூர் சாயப்பட்டறைகள் சொல்லும் பாடம்

கம்பெனியில் புது சாஃப்ட்வேர் வருகிறது. ஒரு மெயில், ஒரு மீட்டிங், இரண்டு நாள் டிரெய்னிங். மூன்றாவது மாதம் ‘90 சதவீதம் முடிஞ்சிருச்சு’ என்று மேலிடத்துக்கு ரிப்போர்ட் போகிறது. ஆறாவது மாதம் போய்ப் பார்த்தால், ஸ்டோரில் இருப்பவர் பழைய நோட்டிலும் எழுதுகிறார், புது சிஸ்டத்திலும் ஏற்றுகிறார். வேலை இரட்டிப்பானதுதான் மிச்சம்.

முடியாத அந்த 10 சதவீதம் எங்கே போனது? யார் தலையில் விழுந்தது? நிறுவன மாற்றம் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் கேட்காத கேள்வி இது. இதற்கான பதிலை திருப்பூர் மிக அதிக விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பனியன் துணியைப் பின்னுகிறவர், வெட்டுகிறவர், தைக்கிறவர் எல்லோரும் தயாராக இருந்தார்கள். நடுவில் சாயமேற்ற ஆள் இல்லை. துணியை வெளியூர்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. வேலை இல்லாமல் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள்.

திடீரென்று வந்த இடியா?

இல்லை. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க நிறைய உப்பு போட வேண்டும். சாயத்தைத் துணியோடு ஒட்டவைப்பதுதான் உப்பின் வேலை. வேலை முடிந்ததும் உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். அந்தத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் கலந்தது. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. அணையில் தண்ணீர் இருந்தும் ‘எங்க காட்டுக்கு வேண்டாம்’ என்று விவசாயிகள் சொல்லும் நிலை வந்தது.

1990களின் பிற்பகுதியில் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அவை கசடை எடுத்தன, நிறத்தையும் பெருமளவு குறைத்தன. பார்க்கத் தண்ணீர் தெளிவாக இருந்தது. ஆனால் கரைந்திருந்த உப்பை எடுக்க அந்த முறையால் முடியாது. லிட்டருக்கு 2,100 மில்லிகிராம்தான் கரைந்த உப்புகளுக்கான வரம்பு. அதைத் தொட முடியவில்லை. கலர் போச்சு, உப்பு போகல.

ரிப்போர்ட்டில் ‘சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது’ என்று எழுதலாம், அது பொய்யில்லை. ஆனால் பயிருக்குத் தெரிவது உப்புதான், நிறமல்ல.

பயம் இருந்தது, மாற்றம் வரவில்லை

மேலாண்மைப் பேராசிரியர் ஜான் காட்டர் 1996-இல் எழுதிய ‘லீடிங் சேஞ்ச்’ புத்தகத்தில் மாற்றத்துக்கு எட்டுப் படிகள் சொல்கிறார். முதல் படி, ‘இது அவசரம்’ என்ற உணர்வை எல்லோரிடமும் உருவாக்குவது. இன்றைக்கும் பல கம்பெனிகள் இந்த முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. ‘மாறலைன்னா காலி’ என்று பயமுறுத்தினால் போதும் என்ற நினைப்பு.

திருப்பூரில் அந்த அவசரத்துக்குக் குறைவே இல்லை. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில், 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ‘ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே போகக் கூடாது’ என்ற நிலையை அடையக் கெடு விதித்தது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மூன்று மாத அவகாசம் தந்தது. கெடு, அபராதம், உச்ச நீதிமன்றம் என்று எல்லாம் வந்தும் 2011-இல் பூட்டுதான் விழுந்தது.

ஏன்?

அந்தக் கடைசி 15 சதவீதம்

இந்த இடைவெளியில் கடன் வாங்கி ஆர்.ஓ. இயந்திரங்கள் வாங்கினார்கள். ஆர்.ஓ. கழிவுநீரில் சுமார் 85 சதவீதத்தை நல்ல தண்ணீராகத் திருப்பித் தரும். மீதி 15 சதவீதத்தில் மொத்த உப்பும் சேர்ந்துவிடும். ‘ரிஜெக்ட்’ என்று அதற்குப் பெயர்.

அதைக் காய்ச்சி ஆவியாக்கி உப்பாக எடுப்பதுதான் திட்டம். காகிதத்தில் சுலபம். நிஜத்தில் எரிபொருள் செலவு கட்டுப்படியாகவில்லை. உப்பு படிந்து குழாய்கள் அடைத்தன, இயந்திரம் அரித்தது. 85 சதவீதம் வெற்றி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஆற்றைக் கெடுத்தது அந்த 15 சதவீதம்தான்.

எந்த நிறுவன மாற்றத்திலும் இப்படி ஒரு ‘ரிஜெக்ட்’ உண்டு. சுலபமான பகுதி முதலில் முடிந்து பிரசன்டேஷனில் ஏறிவிடும். கஷ்டமான பகுதி சத்தமில்லாமல் கீழே இறங்கும், பெரும்பாலும் மறுத்துப் பேச முடியாத ஒருவரின் மேஜைக்கு. மாற்றத்தை அளக்க வேண்டியது முடிந்த 85-ஐ வைத்து அல்ல, முடியாத 15 எங்கே போகிறது என்பதை வைத்துத்தான்.

பிறகு எப்படித் திறந்தார்கள்?

மூன்று விஷயங்கள் ஒன்றுசேர்ந்தன.

ஒன்று, வழி. அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் வேறொரு முறை சோதிக்கப்பட்டது. ரிஜெக்ட் முழுவதையும் காய்ச்சுவதற்குப் பதில், அந்த உப்புக் கரைசலைச் சுத்தம் செய்து சாயமேற்றவே திரும்பப் பயன்படுத்துவது. வெளியே தள்ள வேண்டிய கழிவு, உள்ளே தேவைப்படும் சரக்கானது. ஓர் இடத்தில் ஓடிக் காட்டிய பிறகே மற்ற இடங்களுக்குப் போனது.

இரண்டு, பணம். சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. ஏற்கெனவே வங்கிக் கடனில் இருந்தவரிடம் ‘இன்னும் போடு’ என்று மட்டும் சொல்லியிருந்தால் நடந்திருக்காது.

மூன்றாவதுதான் அதிகம் பேசப்படாதது: பட்டறைக்குள் வேலை மாறியது. முன்பு மூட்டையைப் பிரித்து எடைபோட்டு உப்பைக் கொட்டினால் போதும். இப்போது வருவது கரைசல். அதன் அடர்த்தியைப் பார்த்து, கணக்குப் போட்டு ஊற்ற வேண்டும். தண்ணீரின் கடினத்தன்மை கொஞ்சம் ஏறினாலும் ஷேடு மாறும். ஷேடு மாறினால் பையர் லாட்டையே திருப்பி அனுப்புவார். திட்டு வாங்குவது டையிங் மாஸ்டர்தான். ‘மறுசுழற்சித் தண்ணியில ஷேடு வருமா?’ என்று அவர் கேட்டால் அது பிடிவாதம் இல்லை, அனுபவம். அந்தச் சந்தேகத்துக்குச் சுற்றறிக்கை பதிலாகாது. அவர் கையாலேயே சாம்பிள் லாட் போட்டு ஷேடு வந்தால்தான் பதில்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்தில் பல பட்டறைகளின் குழாய் சேருகிறது. ஒருவர் அளவுக்கு மீறி விட்டாலும், வேறு ரசாயனத்தைக் கலந்தாலும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் கெடும். அதனால் மார்க்கெட்டில் போட்டியாளரான பக்கத்துப் பட்டறைக்காரர், இங்கே பங்காளி. நிறுவனங்களில் ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் தன் டார்கெட்டை மட்டும் பார்ப்பதற்கு இது நேர் எதிர்.

எல்லாம் சரியாகிவிட்டதா?

முழுசாக இல்லை. பிரிக்க முடியாத கலப்பு உப்பு இன்றும் மூட்டை மூட்டையாகக் கிடங்குகளில் இருக்கிறது. சுத்திகரிப்புச் செலவு ஒவ்வொரு கிலோ துணியிலும் ஏறுகிறது, அதைத் தர எல்லா பையரும் தயாரில்லை. அனுமதியில்லாத பட்டறைகளின் மின் இணைப்பு துண்டிக்கப்படும் செய்திகளும் வருகின்றன. ஆனாலும், மூடப்பட்ட ஊர் உப்பையும் தண்ணீரையும் சுழற்சி செய்யும் ஊராக மாறியது சின்ன விஷயமில்லை.

இப்போது அடுத்த மாற்றம் வாசலில் நிற்கிறது. ஆடைகளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கேட்கப் போகிறது ஐரோப்பிய ஒன்றியம். நூல் எங்கிருந்து வந்தது, எங்கே சாயமேறியது என்ற விவரமெல்லாம் வேண்டும். எக்ஸ்போர்ட்டர் ஆபீஸில் ஒரு சாஃப்ட்வேர் வாங்கி ‘ரெடி’ என்று சொல்லிவிடலாம். ஆனால் விவரத்தைத் தர வேண்டியவர் நாலு மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவர். அந்த வேலைக்கு நேரமும் கூலியும் யார் தருவது என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால், இந்த முறை ரிஜெக்ட் தேங்கப்போவது அவரிடம்தான்.

உங்கள் கம்பெனியில் அடுத்த முறை ‘90 சதவீதம் முடிஞ்சிருச்சு’ என்று ஸ்லைடு ஓடும்போது, மீதி 10 யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அந்த ஆளையும் மீட்டிங்கில் உட்கார வையுங்கள். நொய்யல் விவசாயிகள் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, அவர்களை யாரும் முன்பே கேட்காததால்தான்.