எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் நம் மலை எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் போன் செய்தான். இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. "சார், எங்க அம்மாவோட மகளிர் குழுவுக்கு ஒரு வெப்சைட் பண்ணியிருக்கேன். சாமை, தேன், புளி எல்லாம் நேரடியா விக்கலாம்னு. பார்த்துட்டுச் சொல்லுங்க சார்" என்று லிங்க் அனுப்பினான். மனசுக்குப் பெருமையாக இருந்தது. வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்துப் பழகியவர்கள் நம் பெண்கள். அவர்களுக்கு இப்படி ஒரு வழி பிறந்தால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது?

திறந்து பார்த்தேன். மேலே பெரிய படங்கள் ஒன்று மாற்றி ஒன்று நகர்கின்றன. முதல் படம் ஒரு தேயிலைத் தோட்டம். நம் மலையில் தேயிலைத் தோட்டம் ஏது? அடுத்து, சிரிக்கிற ஒரு பெண். எந்த ஊரோ, எந்த நாடோ. கீழே மூன்று கட்டங்கள்: தரம், நம்பிக்கை, சேவை. ஜமுனாமரத்தூர் என்ற பெயர் கடைசியில் முகவரியில் மட்டும்தான் இருந்தது.

கேட்டேன். "டெம்ப்ளேட் சார். ரெடிமேடா கிடைக்கும். படத்தையும் எழுத்தையும் மாத்தினா போதும். எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. வித்தியாசமா இருந்தா ஜனங்க நம்ப மாட்டாங்க" என்றான்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. 2003-இல் வந்த வேர்ட்பிரஸ், 2011-இல் வந்த பூட்ஸ்ட்ராப் போன்றவை இல்லாவிட்டால் சாதாரண ஆட்கள் இவ்வளவு பேர் இணையதளம் வைத்திருக்க முடியாது. இன்று உலகத் தளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வேர்ட்பிரஸில் ஓடுகின்றன. சில இடங்களில் ஒரே வார்ப்பு அவசியமும்கூட. நம் மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர் என்று பல மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. இந்த மாவட்டங்களின் அரசுத் தளங்களைப் பாருங்கள், தேசியத் தகவலியல் மையத்தின் ஒரே அமைப்புதான். அது சரியே. சான்றிதழுக்கு அலைகிறவருக்கு எந்த மாவட்டத்துக்குப் போனாலும் எங்கே தட்ட வேண்டும் என்று தெரிய வேண்டும். பார்வையற்றவரின் போன் அதை வாசித்துக் காட்டவும் முடிய வேண்டும்.

ஆனால் தேன் விற்கிற தளம் தாலுகா ஆபீஸ் படிவம் இல்லையே!

எனக்கு வெப்சைட் செய்யத் தெரியாது. ஒரே அச்சில் வந்த பாடத்தை வேறு வேறு பிள்ளைகளுக்கு நடத்தத் தெரியும். 2007-08 கல்வியாண்டில் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஏணிப்படி, சின்னம் போட்ட அட்டைகள், தரையில் வட்டமாக உட்காருவது. சென்னைப் பள்ளிக்கு என்ன அட்டையோ, அதேதான் நம் மலைக்கும். ஆனால் அந்தத் திட்டத்திலேயே இரண்டு இடங்கள் உங்களுக்கென்று விடப்பட்டிருந்தன. ஒன்று, உங்கள் உயரத்துக்குச் சுவரில் அடித்த கீழ்மட்டக் கரும்பலகை. இன்னொன்று, தலைக்கு மேலே கம்பிப் பந்தல். நீங்கள் வரைந்த மாடு, கேழ்வரகுக் கதிர், தேனடை எல்லாம் அதில்தான் தொங்கின. வெளியிலிருந்து யாராவது வந்தால் அட்டையைப் பார்க்க மாட்டார்கள். அண்ணாந்து பந்தலைத்தான் பார்ப்பார்கள். அங்கேதான் இது எந்த ஊர்ப் பள்ளி என்று தெரியும்.

அதைத்தான் அவனிடம் சொன்னேன். டெம்ப்ளேட் இருக்கட்டும். விலை, போன் நம்பர், ஆர்டர் பட்டன் எல்லாம் வழக்கமான இடத்திலேயே இருக்கட்டும், அங்கே புதுமை வேண்டாம். ஆனால் கம்பிப் பந்தலுக்கு இடம் விடு.

நகரும் படத்தை எடுத்துவிட்டு, அங்கே பன்னிரண்டு மாதங்களைப் போடு. சாமை எப்போது, தேன் எப்போது, பலா எப்போது என்று அதில் தெரியட்டும். இல்லாத மாதத்தில் "இப்போது தேன் இல்லை" என்று எழுது. பட்டணத்தில் வாங்குகிறவருக்கு இருக்கிற பயமே இது அசல் தேனா, சர்க்கரைப் பாகா என்பதுதான். வருஷம் முழுக்க "ஸ்டாக் உண்டு" என்கிற கடையைவிட, இல்லை என்று சொல்லத் தெரிந்த கடையை அவர் நம்புவார்.

சிரிக்கிற அந்நியப் பெண்ணுக்குப் பதில் உன் அம்மாவின் கை இருக்கட்டும். சாமை புடைக்கிற கை. சாமைச் சோறு எப்படி ஆக்குவது என்று அம்மா நம் மலைப் பேச்சிலேயே ஒரு நிமிஷம் சொல்லட்டும், அதைப் பதிவு செய்து போடு. சின்னச் சின்னச் சின்னங்களுக்கு நம் பள்ளிப் பிள்ளைகள் பென்சிலில் வரைந்தது போதும்.

பக்கம் லேசாக இருக்கட்டும். ஒரு பெரிய போட்டோவே நாலைந்து எம்.பி. இருக்கும். வெறும் எழுத்தால் ஆன பக்கம் அதில் நூறில் ஒரு பங்குகூட வராது. அம்மாவின் போனில், நம் மலை சிக்னலில் திறக்காத தளம் அம்மாவின் தளம் ஆகுமா?

கடைசியாக ஒரு பரீட்சை வைத்தேன். "எங்களைப் பற்றி" பக்கத்தில் ஊர்ப் பெயரை விரலால் மூடிவிட்டுப் படி. ஊட்டிக்கும் கொல்லிமலைக்கும் பொருந்தினால் அழித்துவிடு. இரவு இருட்டைத் தேடி வானியல் விஞ்ஞானிகள் வந்த மலை இது. 1986-லிருந்து காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. இப்படி நம்மைத் தவிர யாரும் எழுத முடியாத நாலு வரி எழுது.

"டைம் ஆகும் சார்" என்றான். ஆகும்தான். டெம்ப்ளேட் ஒரு ராத்திரி வேலை. இது நாலு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆனால் தன்னுடையதையும் மற்றவர்களுடையது மாதிரியே காட்டினால், விலையும் மற்றவர்கள் சொல்கிற விலைதான். அதை மாற்றத்தானே தளமே ஆரம்பித்தாய்?

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அம்மா போட்டோ எடுக்க விடமாட்டாங்க சார், நீங்கதான் வந்து சொல்லணும்" என்றான். போகிறேன். மலையில் இருக்கிறவர்களில் நல்ல கேமரா போன் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் என்னோடு வாருங்கள். வெளியூரில் இருப்பவர்களும் நம் ஊருக்காக இப்படி ஏதாவது செய்தால் கம்பிப் பந்தலை மறக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்