மோட்டர் கடை என்ன, தண்டனைக் கூடமா?

தேர்ச்சி அட்டை வாங்கப் பெற்றோர் வரும் நாளில், ஆண்டுதோறும் என் காதில் விழுகின்ற வாசகம் ஒன்று உண்டு. "ஒழுங்கா படிக்கலன்னா மோட்டர் கடையிலதான் வேல செய்வ!" பெற்றோர் சொல்கிறார்கள். ஆசிரியர் அறையிலும் இதே வாசகம் சற்றுத் திருந்திய தமிழில் ஒலிக்கிறது என்பதுதான் எனக்குப் பெரும் வருத்தம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. இந்த வாசகம் மட்டும் அகலவில்லை!

இது பொய்யான வாசகம் என்பது என் கருத்து. மோட்டர் கடை வேலைக்கு அறிவு தேவையில்லை என்று அது பிள்ளைக்குச் சொல்லித் தருகிறது. தேவையா இல்லையா என்பதை ஒரே ஒரு சிறு வேலையைக் கொண்டு பார்ப்போமே. எஞ்சினைப் பிரிப்பதெல்லாம் வேண்டாம். பழைய மோட்டார் சைக்கிளில் மங்கிப்போன குரோமைத் துலக்குவது, அவ்வளவுதான். கடைக்குப் புதிதாக வரும் பையனுக்கு முதலில் கொடுக்கப்படும் வேலை அது.

(மோட்டார் சைக்கிளை 'உந்துருளி' என்று எழுத வேண்டும் எனத் தமிழன்பர்கள் சிலர் என்னைக் கடிந்துகொள்ளக்கூடும். எழுதலாம்தான். ஆனால் நான் வளர்ந்த தோட்டத்தில் அது 'மோட்டர்'. மற்ற இனத்தவர் வாயில் 'கப்சாய்'. ஹோண்டாவின் 'கப்' என்ற பெயரோடு, 'சின்னது' என்று பொருள்படும் கண்டோனிய ஒட்டு சேர்ந்து உண்டான சொல் அது. மூன்று மொழிக்காரர்களும் புழங்கும் சொல்லை நான் விலக்கி வைக்க விரும்பவில்லை.)

ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் வண்டியை 1958-ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2017-இல் அதன் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. நம் நாட்டுத் தோட்டப்புறங்களில் பால்மரம் வெட்டியவர்கள் முதன்முதலில் சொந்தமாக வாங்கிய வண்டி பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும். என் தந்தையாருடையது சி70. இன்னமும் என்னிடம் இருக்கிறது, ஓடவும் செய்கிறது. முகப்பு விளக்கின் வளையம், சக்கரங்களின் ரிம், புகைக்குழாய், உதைமிதி, பின்புறச் சாமான் தட்டு ஆகியவை குரோம் பூசியவை. நாற்பது ஆண்டு மழையும் வெயிலும் பட்டால் இவை என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, குரோம் ஏன் மங்குகிறது? "துருப்பிடித்துவிட்டது" என்று எல்லாரும் சொல்கிறோம். குரோமியம் துருப்பிடிப்பதே இல்லை! துரு என்பது இரும்புக்கு மட்டுமே உரிய நோய். பளபளப்பான அந்த ரிம்மின் உள்ளே இருப்பது எஃகு. அதன்மேல் நிக்கல் பூச்சு. அதற்கும் மேலே, மிக மெல்லியதாக, குரோமியம். எவ்வளவு மெல்லியது என்றால், ஒரு மைக்ரோனில் பாதிக்கும் குறைவு என்பது வழக்கமான கணக்கு. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோன். முடியை நூறாகப் பிளந்தால் கிடைக்கும் ஒரு பிளவைக் காட்டிலும் மெல்லிய தோல் அது. அந்தத் தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளும் வெடிப்புகளும் உண்டு. நீர் அவற்றின் வழியே இறங்கி, நிக்கலையும் கடந்து எஃகைத் தொட்டுவிட்டால் போதும். உள்ளே பிறந்த துரு அதே துளை வழியாக வெளியே கசிந்து, மேற்பரப்பில் பழுப்புப் புள்ளியாகப் படிகிறது.

இது தெரிந்தவன் வேலையைத் தொடங்கும் விதமே வேறு. முதலில் சவர்க்கார நீரால் கழுவி, உலர்த்தி, வெளிச்சத்தில் பார்ப்பான். வெறும் அழுக்கும் எண்ணெய்ப் படலமும்தானா? புள்ளித்துருவா? அல்லது பூச்சே உரிந்து எஃகு வெளியே தெரிகிறதா? மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. கழுவாமல் துடைக்கத் தொடங்கினால், ஒட்டியிருக்கும் மணல்துகளே பூச்சைக் கீறிவிடும்.

புள்ளித்துருவுக்கு நான் கண்ட நல்ல வழி, சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாள். கசக்கி, நீரில் நனைத்து, அழுத்தாமல் சிறு வட்டமாகத் தேய்க்க வேண்டும். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது. ஆகவே குரோமைக் கீறாது. துருவோ பொடியும் தன்மையுடையது. தாளின் மடிப்புகளில் சிக்கி உதிர்ந்துவிடும். கரிய பசை போல ஒன்று திரளும். அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், பழுப்பு போய்ச் சிறு கருப்புக் குழிகள் தெரியும். அந்தக் குழிகள் போகா. போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பூச்சுதான் போகும். பிறகு ஆட்டோசோல் போன்ற மெருகுப்பசையைப் பருத்தித் துணியில் சிறிதளவு எடுத்துத் தேய்த்து, இறுதியில் மெழுகு பூச வேண்டும். நீரை மறுபடியும் துளைக்குள் இறங்கவிடாமல் தடுப்பது அந்த மெழுகுதான். இதைப் பலர் செய்வதில்லை. அதனால்தான் இரண்டே மாதத்தில் "மறுபடியும் வந்துவிட்டது" என்கிறார்கள்.

பாத்திரம் துலக்கும் பச்சை நார் கூடவே கூடாது. அதில் அரைப்புத்தூள் இருக்கிறது. குரோமில் நிரந்தரமாகக் கோடு விழும். கழிப்பறைக்கு ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தொட்டுத் துடைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். துரு நொடியில் மறையும், உண்மைதான். அந்த அமிலம் குரோமியத்தையும் கரைக்கும் என்பது அடுத்த வாரம் தெரியவரும்.

இங்கே நம் வீட்டுப் பழக்கம் ஒன்று நம்மை ஏமாற்றுகிறது. தீபாவளிக்கு முன் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டு நம் தாய்மார்கள் தேய்த்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எவ்வளவு அழுத்தித் தேய்க்கிறோமோ அவ்வளவு பளபளப்பு என்று கை பழகிவிட்டது. விளக்கு முழுவதும் ஒரே பித்தளை. மேலே ஒரு படலம் போனால் கீழே இருப்பதும் பித்தளைதான். தலைமுறை தலைமுறையாகத் தேய்க்கலாம். குரோம் அப்படியன்று. தேய்க்கத் தேய்க்க அடியிலிருந்து சற்று மஞ்சளான நிறம் எட்டிப் பார்க்கும். அது நிக்கல். பார்த்தவுடன் கையை எடுத்துவிட வேண்டும். விளக்கில் கற்றதை ரிம்மில் காட்டினால், வேலை செய்து செய்தே பொருளைக் கெடுத்துவிடுவோம்.

என் தந்தையாரின் வண்டியில் பின்புறத் தட்டு மட்டும் மற்ற பகுதிகளைவிட மோசமாக அரித்திருக்கிறது. காரணம் எளிது. பால் வாளிகள் அங்கேதான் ஏறின. வாளியின் அடிப்பாகம் உரசி உரசிப் பூச்சு கீறியது. ஓட்டுப்பால் நீரும், பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலமும் கீறலில் சொட்டின. வாளி உட்கார்ந்த வட்டம் இன்றும் தெரிகிறது. புதிதாகக் குரோம் பூசித் தர ஆள் இருக்கிறது, "புது வண்டி மாதிரி ஆக்கிடலாம் சார்" என்று நண்பர்கள் பலமுறை சொல்லிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உரிந்த இடத்தில் துருவை நீக்கி, மெழுகு பூசி, அப்படியே விட்டிருக்கிறேன். அந்த வட்டத்தை அழித்துவிட்டுப் பளபளக்கும் தட்டை வைத்துக்கொண்டு நான் யாருக்குக் காட்டப்போகிறேன்?

இன்னொரு காரணமும் உண்டு. குரோம் முலாம் பூசும் தொட்டிகளில் பெரும்பாலும் பயன்பட்டு வந்தது ஆறிணைதிறக் குரோமியம். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2023-இல் அதைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தது. அலங்காரத்துக்காக ஒரு தொழிலாளி அந்த ஆவியின் அருகே நிற்க வேண்டுமா என்பது என் கேள்வி. ஆனால் பாசத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ரிம்மில் ஆரக்கம்பி நுழையும் துளைகளைச் சுற்றி எஃகே அரித்திருந்தால், நினைவுச் சின்னம் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. மாற்றிவிட வேண்டும். அது உயிர் சம்பந்தப்பட்டது.

இப்போது சொல்லுங்கள். பொருளறிவு, காரண காரிய ஆராய்ச்சி, எங்கே நிறுத்த வேண்டும் என்ற மதிப்பீடு ஆகிய இவையெல்லாம் அந்த 'மோட்டர் கடை' வேலையில் இருக்கின்றனவா இல்லையா? துருப்பிடித்தல் நம் தொடக்கப்பள்ளி அறிவியலில் உள்ள பாடமே. நான்கு சோதனைக் குழாய், நான்கு ஆணி என்று நடத்தி முடித்துவிடுகிறோம். சென்ற ஆண்டு அந்தப் பாடத்தின்போது பழைய உதைமிதி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோனேன். கட்டுரை என்றால் மூன்று வரியோடு பேனாவை மூடிவிடும் மாணவன் ஒருவன், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், அப்ப துரு மேலேருந்து வரல, உள்ளேருந்துதான் வருதா?" என்று கேட்டான். பயிற்சிக் கழகத்தில் 'கண்டறிமுறைக் கற்றல்' என்று பக்கம் பக்கமாகப் படித்தோமே, அது இதுதான்! துலக்கும் முறையை எழுதிவரச் சொன்னேன். ஒன்றரைப் பக்கம் எழுதினான். எழுத்துப்பிழைகள் பதினேழு. செய்முறையின் வரிசை ஓரிடத்திலும் பிசகவில்லை.

பெற்றோரின் அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் பலவும் ஒரு காலத்தில் எதற்காக நடத்தப்பட்டன என்பது நம் எல்லாருக்கும் தெரியும். பெற்றோர் வெளிக்காட்டுக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகளை ஓரிடத்தில் உட்கார வைக்க ஒரு கொட்டகை. வளர்ந்தபின் அதே காட்டுக்கு அனுப்பப் போதுமான எழுத்தறிவு. அந்த வளையத்திலிருந்து உடைத்துக்கொண்டு வந்தவர்கள், பிள்ளையின் கையில் கரி பட்டாலே பதறுகிறார்கள். அந்தப் பதற்றத்தை நான் மதிக்கிறேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைக் கைத்தொழிலுக்கு ஒதுக்குங்கள் என்று எவரேனும் சொன்னால், முதலில் எதிர்ப்பவன் நானாகத்தான் இருப்பேன்.

நான் கேட்பது வேறு. புத்தகம் ஒருபுறம், கரி படிந்த கை மறுபுறம் என்று பிரித்துப் பேசாதீர்கள். முன்பு 'வாழ்வியல் திறன்' என்றும் பின்னர் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்றும் பெயர் பெற்ற பாடத்தை, தேர்வு நெருங்கியதும் கணிதத்துக்கு எடுத்துக்கொள்ளும் பழக்கம் எத்தனை பள்ளிகளில் இருந்தது! அந்தப் பாடவேளையில்தான் சில பிள்ளைகள் வாரத்தில் ஒருமுறை நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதையும் பிடுங்கிக்கொண்டு, "உனக்குப் படிப்பு ஏறவில்லை" என்று அவர்களிடமே சொல்வது என்ன நியாயம்?

வரும் தவணையில் அலுமினியத் தாள் சோதனையை மாணவர்களைக் கொண்டே செய்து பார்க்க எண்ணியிருக்கிறேன். பழைய கண்ணாடித் தண்டு, மிதி, விளக்கு வளையம் போன்றவை வீட்டில் கிடந்தால் பெற்றோர் கொடுத்தனுப்பலாம். பூச்சு உரிந்து விளிம்பு கூராக நிற்பவை மட்டும் வேண்டாம். பிள்ளைகளின் விரலைக் கிழித்துவிடும். கையுறை நான் வாங்கி வைத்திருக்கிறேன்.