நிலையாமை கூறுதல் சோம்பலுக்கோ?

நிலையாமையை விரித்துரைக்கும் நம் நூல்களின்மேல் இக்காலத்தார் சிலர் ஒரு குற்றம் ஏற்றுகின்றனர். "யாக்கை நிலையாது, செல்வம் நிலையாது என்று ஓயாது ஓதியதனாலன்றோ தமிழ்மக்கள் ஊக்கம் இழந்தனர்? நாளை இறப்பவன் இன்று உழைப்பது எற்றுக்கு?" என்பது அவர் கூற்று. மற்றொரு சாராரோ சைவர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்வோர். இவர் அக்குற்றத்தை வாயால் மறுத்துச் செயலால் உடன்படுகின்றனர். "பிள்ளைகள் தலையெடுக்கட்டும், உத்தியோகம் முடியட்டும், பின்னர்த் தீக்கை பெறலாம், சாத்திரம் கேட்கலாம்" என்பது இவர் வழக்கு. முன்னையோர் நிலையாமையைக் கேட்டுச் சினக்கின்றனர். பின்னையோர் கேட்டுத் தலையசைத்து உறங்குகின்றனர். இருவரும் அதன் பொருளை உணராதவரே என்பது காட்டுதும்.

நிலையாமையாவது யாது? நிலையாதது இல்லாதது அன்று. உலகம் வெறுந்தோற்றம் என்னும் மாயாவாதம் நம் கொள்கையன்று. உள்ளதே தோன்றும், இல்லது தோன்றாது என்பது சித்தாந்திகள் கொள்ளும் சற்காரியவாதம். மாயையாகிய முதற்காரணத்தினின்று தனு, கரணம், புவனம், போகம் என்பன தோன்றி, நின்று, ஒடுங்குகின்றன. அவை வீணே தோன்றுவனவும் அல்ல. ஆணவ இருளில் அழுந்திய உயிர், வினையை நுகர்ந்து மலபரிபாகம் எய்துதற்பொருட்டு இறைவன் கூட்டுவித்தன. ஆகலின் உடம்பு உள்பொருளே. ஆயினும் தவணை குறித்துத் தந்த இரவற்பொருள். அதனைப் பொய்யென்பான் பயன்கொள்ளான். என்றும் உள்ளதென்பான் பயன்கோடலை ஒத்திவைப்பான். 'உண்டு, ஆயின் நில்லாது' என்று தெளிந்தவனே இன்று தொடங்குவான்.

மாயையின் காரியமாகிய உடம்பு முதலியன, அருளாகிய ஞாயிறு எழுமளவும் உயிர்க்கு விளக்குப்போல உதவும் என்பர் நம் ஆசிரியர். அளந்து எண்ணெய் வார்த்த விளக்கின்முன் ஒருவன் இருக்கின்றான். எண்ணெய் குறைகின்றதே என்று அழுதிருத்தலும் பேதைமை. விளக்குத்தான் எரிகின்றதே என்று படுத்துறங்குதலும் பேதைமை. சுவடியை விரித்துப் படித்தலே அறிவு.

இனி, நூல்களின் வைப்புமுறையை நோக்குக. திருமூலர் தம் முதல் தந்திரத்துள் யாக்கை, செல்வம், இளமை, உயிர் ஆகிய நான்கன் நிலையாமையையும் அடுத்தடுத்து வைத்தார். அவரே மூன்றாந் தந்திரத்துள் காயசித்தி உபாயம் கூறி, உடம்பைப் போற்றும் நெறியையும் வகுத்தார். நிலையாமை சோம்பலைக் கற்பிப்பதாயின், அழியும் உடம்பைப் பேணுக என்று அவர் கூறுவது எங்ஙனம்? திருவள்ளுவர் நிலையாமையைத் துறவறவியலில் 34-ஆம் அதிகாரமாக வைத்தார். ஆயின், அறத்தைப் பின்னாளுக்கென்று தள்ளற்க என்பதனையோ, இல்வாழ்க்கைக்கும் முன்னதாக, நான்காம் அதிகாரமாகிய அறன் வலியுறுத்தலிலேயே கூறிவிட்டார். இல்லறம் முடிந்தபின் அறம் தொடங்குவேன் என்பார்க்கு இவ்வைப்புமுறை ஒன்றே விடையாதல் சாலும்.

முதுமை வரும் என்பதற்குப் பிணை நின்றார் யாவர்? அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் சுபக்கம் இரண்டாஞ் சூத்திரத்துள், மானிடப் பிறவியின் அருமையை விளக்கினார். அங்கே, கருவிலே அழிதல், பாலனாய் அழிதல், காளையாய் அழிதல், நரைத்து அழிதல் என உடம்பு அழியும் பருவங்களையும் எண்ணினார். எண்ணியது அச்சுறுத்தற்கன்று, உடம்பு உள்ளபோதே உய்யும் வழி நாடுக என்றற்கு. இனி, முதுமை தப்பாது வந்ததென்றே கொள்வோம். சரியையாவது உடம்பால் செய்யும் தொண்டு. திருவலகிடுதற்கும் திருமெழுக்கிடுதற்கும் முதுகு வளைய வேண்டும். பூப்பறித்துத் தொடுத்தற்குக் கண் தெரிய வேண்டும். முழங்கால் மடங்காத நாளில் முதற்படி ஏறத் தொடங்குவேன் என்பவன் இறைவனுக்கு எஞ்சியதைக் கொடுக்கின்றான், கொடுத்ததாகவும் எண்ணிக்கொள்கின்றான்.

ஈண்டுக் கண்டிக்கற்பாலதாகிய வழக்கம் மற்றொன்றும் உண்டு. திருவாசகத்தின் முதற்கண் நிற்கும் சிவபுராணத்தை இழவு வீட்டிற்கே உரியதென்று கருதி, மங்கல நாளில் பாட அஞ்சுவார் சிலர் உளர். உயிரோடிருந்த நாளில் ஒருகாலும் ஓதாத செவிக்கு, உயிர் நீங்கியபின் ஓதி ஆவதென்னை? அத்திருமுறை வாழ்வார் ஓதி உருகுதற்கு எழுந்தது. நாடோறும் ஓதப்படும் இல்லத்தில்தான், துயர் வந்த நாளிலும் அது துணையாக நிற்கும்.

ஊக்கம் குன்றுமென்று அஞ்சுவார் சமயகுரவர் வரலாற்றை நோக்குக. திருஞானசம்பந்தர் நிலவுலகில் இருந்தது பதினாறு யாண்டு. மூன்றாம் யாண்டிலேயே பாடத் தொடங்கினார். திருநாவுக்கரசர் எண்பத்தோராண்டு இருந்தார் என்பது மரபு. யாக்கையின் இழிவையும் நிலையாமையையும் பலகாற் பாடிய அவர், கையில் ஏந்திய உழவாரத்தைக் கீழே வைத்தாரல்லர். அண்மைக் காலத்து ஆறுமுக நாவலர் 1822-இல் தோன்றி 1879-இல் மறைந்தார். அவ்வைம்பத்தேழு யாண்டுகளுக்குள், 1848-இல் வண்ணார்பண்ணையிலும் 1864-இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவினார். நூல்கள் பலவற்றை ஆராய்ந்து அச்சிட்டார். நாள் சிலவென்று உணர்ந்தோர் உழைத்தமைக்கு இவர் சான்று. நாள் பலவென்று நம்பியோர் சாதித்தது யாதென்பதனை மறுப்போரே கூறுக.

சைவ நன்மக்காள்! பெருஞ்செயல் செய்க என்று யாம் வற்புறுத்துகின்றிலேம். நீறணிந்து ஐந்தெழுத்தை எண்ணுதல், ஒரு பதிகம் ஓதுதல், சாத்திரத்தில் ஒரு செய்யுளைப் பொருளுணர்ந்து கற்றல், பசித்தார் ஒருவர்க்குச் சோறிடுதல், இவை எந்த உத்தியோகத்திற்கும் இடையூறாவன அல்ல. இவற்றிற்கு ஓய்வுநாள் வரட்டும் என்று காத்திருப்பவர், அந்நாளுக்கு முன் வரக்கூடிய நாள் ஒன்று உண்டென்பதை மறந்தவராவர். நிலையாமை நமக்கு இரங்கற்பா அன்று. பணிக்கு எழுப்பும் மணியோசை. கேட்டவர் எழுக.

திருச்சிற்றம்பலம்.