வயலில் ஏன் உப்புப் பூக்கிறது?

கேள்வி: நொய்யல் கரையோரம் ஒன்றரை ஏக்கர் தோட்டம். கிணற்று நீர் உவர்ப்பு. தண்ணீர் கட்டிய சில நாளில் பார் மேட்டில் வெள்ளையாக உப்புப் பூத்து, மிளகாய் நாற்று கருகுகிறது. ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: மண் பரிசோதனை செய்யாமல் வாங்க வேண்டாம். அந்த உப்பு கீழிருந்து ஏறி வருகிறது.

பனியன் துணித் துண்டின் நுனியை உப்புத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். இழைகளின் இடுக்கு வழியே நீர் தானாக மேலேறும். நீர் ஆவியாகும், உப்பு மேலே தங்கும். இதுவே நுண்புழை ஏற்றம். துளை குறுகக் குறுக உயரம் கூடும். 1 மில்லிமீட்டர் துளையுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் சுமார் 3 சென்டிமீட்டர் ஏறும், 0.1 மில்லிமீட்டர் என்றால் சுமார் 30 சென்டிமீட்டர். மணலில் துளை பெரிது, ஏற்றம் குறைவு. களிமண்ணில் மெதுவாக, ஆனால் அதிக உயரம் ஏறும்.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு சேர்ப்பார்கள். அந்தக் கழிவு நொய்யலில் கலந்து, 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையிலும் தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஆனாலும் மண்ணில் இறங்கிய உப்பு தானாக மறையாது.

செய்ய வேண்டியவை:

1. தண்ணீர் கட்டி, மண் பொறுபொறுப்பானதும் மேலாகக் கொத்திவிடுங்கள். மேல்மண்ணின் நுண்துளைத் தொடர் அறுபடும்.

2. தென்னை ஓலை, சோகை கொண்டு மூடாக்கு இடுங்கள். ஆவியாவது குறைந்தால் உப்பேற்றமும் குறையும்.

3. நாற்றைப் பாரின் உச்சியில் நடாமல் பக்கச் சரிவில் நடுங்கள். உப்பு உச்சியில்தான் சேரும்.

4. சொட்டுநீரில் ஈர வட்டத்தின் ஓரத்தில் உப்பு ஒதுங்கும். லேசான மழை அதை வேருக்குத் தள்ளும். அப்போது சொட்டுநீரை நிறுத்தாதீர்கள்.

5. வரப்பு உயர்த்தி, பருவ மழையைத் தேக்கி, உப்பை வேருக்குக் கீழே இறக்குங்கள். வடிகால் அவசியம். அதன்பின் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். கோடையில் நிலத்தை மூடாக்கின்றி வெறுமனே போடாதீர்கள்.

ஜிப்சம் களர் மண்ணுக்கானது. கார அமில நிலை 8.5க்கு மேல் போயிருக்கும். வெறும் உவர் மண்ணை அது திருத்தாது. மண்ணையும் கிணற்று நீரையும் மண் ஆய்வுக்கூடத்தில் கொடுத்து, முடிவைப் பார்த்தபின் செலவு செய்யுங்கள்.